நான்கு முகப் பொய்யன் ஊரிலிருந்து

கார்க், அயர்லாந்து.
ஞாயிறு. மழை.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்கள், பெரியம்மா, அப்பா, அம்மா, வாசல் வேப்பமரம் எல்லாரும் நலமா?

கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து மீனாதான் உங்களுக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறாளாம், அம்மா சொன்னாள். அப்படியானால் இந்தக் கடிதத்தையும் அவள்தான் திண்ணையில் உட்கார்ந்து படிப்பாள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே காதைக் கொடுப்பாள். ஆகவே மீனாவுக்கு ஒரு வார்த்தை. ஏட்டி, நடுநடுவே அடைப்புக்குறிக்குள் உனக்கென்று சில உத்தரவுகள் வரும். அவற்றைச் சத்தமாகப் படித்துத் தொலைக்காதே.

போன மாதம் போனில் நீங்கள் கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது. “ரெண்டு வருசமா ஒரு ஊர்ல இருக்க. தக்காளி என்ன விலைன்னு சொல்லுத, வாடகை எவ்வளவுன்னு சொல்லுத. அந்த ஊர்ல பாக்கதுக்கு ஒண்ணுமே இல்லையால?” நாற்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் கேட்டால் பதிலோடு வழிமுறையும் காட்ட வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை வந்தது. அதோடு இரண்டு நாள் லீவு போட்டு ஊரைச் சுற்றினேன். இது அந்த விடைத்தாள்.

முதலில் பெயர். கார்க் என்றதும் பெரியம்மா, “பாட்டில் அடைக்கிற தக்கையா?” என்று கேட்டாளே, அந்தத் தக்கைக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமில்லை. ஐரிஷ் மொழியில் சதுப்பு நிலத்துக்கு உள்ள சொல்தான் தேய்ந்து கார்க் ஆகியிருக்கிறது. லீ என்கிற ஆறு இரண்டாகப் பிரிந்து நடுவே ஒரு தீவை விட்டுவிட்டுப் போகிறது. அந்தத் தீவின் சேற்றில்தான் ஊரைக் கட்டியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் இங்கே தெருக்களில் பாதி வாய்க்கால்தானாம். கடை வாசலில் படகு வந்து நிற்குமாம். பிறகு ஒவ்வொன்றாக மூடி மேலே ரோடு போட்டுவிட்டார்கள். பெரிய கடைத்தெருவான செயின்ட் பாட்ரிக் தெரு வில் மாதிரி வளைந்து போகிறது. அடியில் கிடக்கும் ஆறு வளைந்து போவதால்தான் அப்படி. நம் பக்கம் குளத்தை மூடி பஸ் ஸ்டாண்டு கட்டினால் ஆக்கிரமிப்பு என்கிறோம். இங்கே இருநூறு வருஷம் ஆகிவிட்டதால் அதற்குப் பாரம்பரியம் என்று பெயர். ஆற்றுக்கு மட்டும் இன்னும் பழைய விலாசம் மறக்கவில்லை. மழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் தேடிக்கொண்டு வந்துவிடும். 2009இல் அப்படி வந்து ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போயிருக்கிறது.

அயர்லாந்தின் தலைநகரம் டப்ளின் என்று மீனாவின் பாடப்புத்தகத்தில் இருக்கும். பரீட்சையில் அப்படியே எழுதட்டும். ஆனால் இந்த ஊரில் அதைச் சத்தமாகச் சொல்லக்கூடாது. நிஜமான தலைநகரம் கார்க்தான், டப்ளினில் சும்மா பார்லிமெண்டை வைத்திருக்கிறார்கள் என்பது இவர்களுடைய கட்சி. நான் மாடியில் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரப் பாட்டிக்கு வயது 81. டப்ளின் போயிருக்கிறீர்களா என்று ஒருநாள் கேட்டேன். “ஒரே ஒரு தடவை. 1979இல், போப்பாண்டவர் வந்தபோது. அவரே அங்கே தங்கிவிடவில்லை, நான் எதற்குத் தங்க வேண்டும்?” என்றார். பாளையங்கோட்டைக்காரரிடம் டவுனின் பெருமையைச் சொன்னால் என்ன முகம் காட்டுவார் என்று உங்களைப் பார்த்துப் பழகியவன் நான். அதே முகம்.

இவர்கள் பேசுவது ஆங்கிலம்தான் என்று கம்பெனியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். வந்த புதிதில் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. வாக்கியம் மெதுவாக ஏறும், பாதியில் ராகம் போடும், கடைசியில் ‘பாய்’ என்று ஒரு வால். நாம் ‘ல’ போடுகிறோமே, அதேதான். எண்பது வயதுக் கிழவரையும் இவர்கள் ‘பாய்’ என்கிறார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இதையெல்லாம் ஆறு மாதத்தில் பிடித்துவிட்டேன். ஆனால் ‘ஐ வில், யா’ என்று ஒன்று இருக்கிறது. அதில்தான் விழுந்தேன்.

பக்கத்து மேஜைக்காரனிடம், “வெள்ளிக்கிழமைக்குள் அந்த ரிப்போர்ட்டை முடித்துக் கொடுத்துவிடுவாயா?” என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் “ஐ வில், யா” என்றான். செய்கிறேன், ஆமாம். நான்கு வயதுப் பிள்ளைக்குப் புரியும் ஆங்கிலம். நேரே மேனேஜரிடம் போய் வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வந்துவிடும் என்று சத்தியம் செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வந்தது, ரிப்போர்ட் வரவில்லை. “நான்தான் முடியாது என்று சொன்னேனே!” என்கிறான். மேனேஜரும், “அவன்தான் முடியாது என்றிருக்கிறானே” என்கிறார். விஷயம் தொனியில் இருக்கிறது, பெரியப்பா. நம் ஊரில், “ஏல, அந்தத் தண்ணிக் குடத்த எடுத்து வையி” என்றால், “ஆமா, வைப்பேன் வைப்பேன்!” என்று கையை ஆட்டிவிட்டுப் போவோமே, அதுதான் ‘ஐ வில், யா’. ஒரு சுரம் மாறினால் அர்த்தம் தலைகீழ். சிறுவயதில் அதற்காக உங்களிடம் வாங்கிய குட்டு மட்டும் ஞாபகத்துக்கு வந்திருந்தால் அன்று தப்பித்திருப்பேன்.

சுரம் என்றதும் ஷாண்டன் கோபுரத்துக்கு வந்துவிடுகிறேன். பெரியம்மாவையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுக்கு வடக்கே ஷாண்டன் என்கிற மேட்டில் புனித அன்னாள் தேவாலயம் இருக்கிறது. 1722இல் கட்டியது. அதன் கோபுரத்தில் இரண்டு பக்கம் சிவப்பு மணற்கல், இரண்டு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். நம் கோயில் மதிலுக்குக் காவியும் சுண்ணாம்பும் பட்டை அடிப்பார்களே, அதைக் கொஞ்சம் தாராளமாக அகலம் வைத்து அடித்த மாதிரி. கார்க் விளையாட்டு வீரர்களின் சட்டையும் அதே சிவப்பு வெள்ளைதான். உச்சியில் காற்றுத் திசைகாட்டியாக ஒரு பொன்னிற மீன். சாதாரண மீன் இல்லை, பதினோரு அடிக்கு மேல் நீளமுள்ள சால்மன்.

அந்த மீனுக்குக் கீழே நான்கு பக்கமும் நான்கு கடிகார முகங்கள். 1847இல் வைத்தது. உள்ளே இயந்திரம் ஒன்றுதான். ஆனால் நான்கு முகமும் நான்கு மணி காட்டும். முள்ளெல்லாம் கனமான மரம், மேட்டில் காற்று அதிகம், ஒரு பக்கத்து முள்ளைத் தள்ளும், இன்னொரு பக்கத்து முள்ளைத் தடுக்கும் என்று ஊரார் காரணம் சொல்கிறார்கள். ‘நான்கு முகப் பொய்யன்’ என்று செல்லப் பெயரும் வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் சரியாக ஒரு மணி, இரண்டு மணி என்று அடிக்கும் சமயத்தில் நான்கு முகமும் ஒத்துப்போய்விடும். அது முடிந்ததும் அவரவர் வழி. நீங்களும் அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் பொங்கலன்று மட்டும் ஒரே முற்றத்தில் நிற்பீர்களே, அந்தக் காட்சிதான் எனக்கு ஞாபகம் வந்தது. (மீனா, கடைசி வரியை விட்டுவிடு.)

உள்ளே எட்டு மணிகள். 1750இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் வார்த்துக் கொண்டுவந்தவை. எல்லாம் சேர்த்து ஆறு டன்னுக்கு மேல் கனம். உலகத்தில் மற்ற இடங்களில் மணியைத் தொட்டால் கோயில்பிள்ளை விரட்டுவார். இங்கே டிக்கெட் வாங்கினால் நம்மையே அடிக்கச் சொல்கிறார்கள்! முதல் மாடியில் எட்டுக் கயிறுகள் வரிசையாகத் தொங்குகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பாட்டுத் தெரியாதவர்களுக்கு எண்களாலேயே பாட்டு எழுதிய அட்டை வைத்திருக்கிறார்கள். வாய்ப்பாடு தெரிந்தால் போதும், வித்வான் ஆகிவிடலாம்.

எனக்கு முன்னால் நின்ற ஜெர்மானியக் குடும்பம் அட்டையைப் பார்த்து ஏதோ ஒரு பிள்ளைப் பாட்டை ஒழுங்காக அடித்துவிட்டு இறங்கியது. என் முறை வந்ததும் அட்டையைப் பார்க்கக் கவுரவம் இடம்கொடுக்கவில்லை. பெரியம்மாவிடம் மூன்று வருஷம் பாட்டு கற்றவன் அல்லவா? எட்டுக் கயிறு, கீழ் ச முதல் மேல் ச வரை. சரளி வரிசையையே அடித்துவிடுவோம் என்று கயிற்றைப் பிடித்தேன். அடித்த பிறகுதான் தெரிந்தது, மணிகள் எல்லாம் மேற்கத்திய ஸ்கேலில் சுருதி சேர்த்தவை. அதாவது சுத்தமான சங்கராபரணம். மாயாமாளவகௌளைக்கு வேண்டிய அந்தச் சின்ன ரியும் சின்ன தவும் அங்கே கிடையவே கிடையாது. கார்க் நகரத்தின் தலைக்குமேல், ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, சரளி வரிசை சங்கராபரணத்தில் ஒலித்தது. பெரியம்மா, மன்னித்துக்கொள். மூன்றாவது வரிசையில் தாளமும் போய்விட்டது.

பிறகு காதில் அமுக்கும் கருவியை மாட்டிக்கொண்டு 132 படியும் ஏறினேன். போகப்போகப் படி குறுகி, தோளைச் சாய்த்துச் சாய்த்து ஏற வேண்டியிருக்கிறது. மணிகளுக்குப் பக்கத்திலேயே வழி. நான் சரியாக அங்கே போனபோது கீழே அடுத்த வித்வான் கயிற்றைப் பிடித்துவிட்டார். காதில் கருவி இருந்தும் பல்லெல்லாம் அதிர்ந்தது. உச்சியிலிருந்து பார்த்தால் ஆற்றின் இரண்டு கையும், நடுவே ஊரும், பச்சைக் குன்றுகளும் தெரியும் என்றார்கள். எனக்கு மேகம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி சொன்னார்: “இன்னைக்கு ஷாண்டன்ல எவனோ ஒருத்தன், படிக்கட்டுல சாவியைத் தொலைச்சவன் மாதிரி ஏறி ஏறி இறங்கினான். கேட்டியா?” கேட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

ஷாண்டனுக்குப் பக்கத்திலேயே வெண்ணெய்க்கு ஒரு மியூசியம் இருக்கிறது. சிரிக்காதீர்கள். 1770இல் இங்கே வெண்ணெய்ச் சந்தை ஒன்றை ஏற்படுத்தி, ஒவ்வொரு பீப்பாயாகத் திறந்து பார்த்து, முகர்ந்து, தரம் பிரித்து முத்திரை குத்திக் கப்பல் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் உலகத்திலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தை அதுதான். வெயில் தேசங்களுக்குப் போகும் பீப்பாயில் உப்பைக் கூடுதலாகப் போட்டார்களாம். நம் வீட்டில் மோரில் மிதக்கும் உருண்டையை வழித்து எடுப்பதோடு சரி. இவர்கள் அதற்காகவே மலையிலிருந்து துறைமுகம் வரை ரோடு போட்டிருக்கிறார்கள். 1840களில் உருளைக்கிழங்கு அழுகிப் பத்து லட்சம் பேர் பசியில் செத்த காலத்திலும் இந்த நாட்டிலிருந்து வெண்ணெய் கப்பலில் போய்க்கொண்டுதான் இருந்தது. அதைப் படித்த பிறகு மியூசியத்தில் மேற்கொண்டு சுற்ற மனம் வரவில்லை.

அதனால் நேரே மார்க்கெட்டுக்குப் போனேன். 1788இலிருந்து நடக்கும் மூடிய மார்க்கெட். பெயர் ‘இங்கிலீஷ் மார்க்கெட்’. ஆங்கிலேயர் ஆதிக்கத்தில் நகரசபை இருந்தபோது கட்டியதால் வந்த பெயர். ஆட்சி போயிற்று, பெயர் தங்கிவிட்டது. 2011இல் எலிசபெத் மகாராணியே வந்து மீன்கடையில் நின்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். நான் போனது மீனுக்காக அல்ல. ஒரு கடையில் வெள்ளை வெளேரென்று மடிப்பு மடிப்பாக ஏதோ தொங்கியது. கிட்டே போய்ப் பார்த்தால் குடல்! பக்கத்துத் தட்டில் கருஞ்சாம்பல் நிறத்தில் சுருட்டி வைத்திருந்தது ரத்தத்தில் செய்த ‘டிரிஷீன்’. இரண்டையும் சேர்த்துச் சமைப்பது கார்க்கின் பழைய ஏழை வீட்டுச் சாப்பாடு. இன்றைக்கு இளவட்டங்கள் மூக்கைப் பிடிக்கிறார்கள், கிழவர்கள்தான் வாங்குகிறார்கள். ஆட்டு ரத்தப் பொரியலுக்கு அண்ணனோடு சண்டை போட்டு வளர்ந்தவனுக்கு இதெல்லாம் சொந்த ஊர். அரை கிலோ குடல் வாங்கிப் போய்ப் பாட்டியிடம் நீட்டினேன். பாலில் வெங்காயம் போட்டு வேகவைத்தார். வெறும் பால், பெரியப்பா. மிளகு என்று ஒரு வஸ்து உலகத்தில் இருப்பதே அந்தக் குடலுக்குத் தெரியாது. மறுநாள் மிச்சத்தை அம்மா அனுப்பிய மிளகாய்ப்பொடியில் புரட்டி எடுத்தேன். பாட்டி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு வாய் கேட்டார்.

இனி உங்கள் பகுதி. பல்கலைக்கழகம்.

1845இல் அனுமதி கொடுத்து 1849இல் திறந்த கல்லூரி. நடுவில் புல்வெளி, சுற்றி மூன்று பக்கமும் சுண்ணாம்புக்கல் கட்டடம். புல்வெளிக்குக் குறுக்கே நடந்தால் பரீட்சையில் பெயில் என்று மாணவர்களிடம் ஒரு நம்பிக்கை. அவ்வளவு பெரிய கல்லூரியில் ஒரு பிள்ளை குறுக்கே போகவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் விடுகிறவர்களைக் கிண்டல் செய்ய இவர்களுக்கு இனி யோக்கியதை இல்லை. எனக்குப் பரீட்சை ஒன்றும் பாக்கி இல்லை என்றாலும் நானும் சுற்றித்தான் போனேன்.

ஒரு நீண்ட நடையில் 28 கற்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஆள் உயரம், இடுப்பு உயரம் என்று பல அளவு. கல்லின் விளிம்பில் குறுக்குக் குறுக்காகக் கோடுகள். பால்காரர் சுவரில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைப்பாரே, அது மாதிரி. ‘ஓகம்’ என்கிற பழைய ஐரிஷ் எழுத்து. ஆயிரத்து ஐந்நூறு வருஷம் பழையது. கீழிருந்து மேலே படிக்க வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று ஆவலோடு விளக்கப் பலகையைப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே விஷயம்: இன்னாருடைய மகன் இன்னார். அவ்வளவுதான். நம் நடுகல் மாதிரி.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு என்பதை இந்த நாட்டின் எந்தக் கவுண்டரிலும் என்னால் விளக்க முடிந்ததில்லை. கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது. கடைசியில் அப்பா பெயரை அங்கே போட்டார்கள். அன்றிலிருந்து வங்கியில், ஆஸ்பத்திரியில், ஆபீசில் என்னை எல்லாரும் “மிஸ்டர் சுப்பையா” என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அப்பா வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்து, சட்டையை இழுத்து விட்டுக்கொள்கிறேன். அப்பேர்ப்பட்ட தேசத்தில், ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இவர்களும் இனிஷியல்காரர்களாகத்தான் இருந்திருக்கிறார்கள்! கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்த தடவை கவுண்டரில் கேட்டால் அந்த நடைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று இருக்கிறேன்.

அந்தக் கல்லூரியின் முதல் கணக்குப் பேராசிரியர் யார் தெரியுமா? ஜார்ஜ் பூல். நீங்கள் கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டு, சேர்ப்புக் கணம், வெட்டுக் கணம் என்று எங்களை வெயிலில் வாட்டியதெல்லாம் இந்தப் புண்ணியவான் காட்டிய வழியில் வந்ததுதான். நினைப்பதையே கணக்காக எழுதலாம், உண்மைக்கு 1, பொய்க்கு 0 என்று போட்டுக் கூட்டிப் பெருக்கலாம் என்றார். 1854இல் இங்கே இருந்தபடிதான் அந்தப் பெரிய புத்தகத்தை வெளியிட்டார். நான் ஆபீசில் நாள் முழுக்கப் பார்ப்பது அந்த உண்மையும் பொய்யும்தான். இவர் இல்லாவிட்டால் என் சம்பளமும் இல்லை, நீங்கள் தக்காளி விலை கேட்கவும் வழியில்லை.

செருப்புத் தைப்பவரின் மகன். தானாகவே படித்தவர். கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர் என்று நம் ஊரில் சொல்வோமே, அந்த ஆள். பட்டம் கிடையாது, நேரே பேராசிரியர் நாற்காலி. 1864இல் ஒருநாள் வகுப்பெடுக்க வீட்டிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார். வழியெல்லாம் அடைமழை. ஈர உடையோடே பாடம் நடத்தினார். காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. எது நோயைக் கொண்டுவந்ததோ அதுவே நோயைப் போக்கும் என்பது அவர் மனைவியின் வைத்திய நம்பிக்கை. ஈரப் போர்வையைச் சுற்றிப் படுக்க வைத்தாராம். டிசம்பர் 8ஆம் தேதி போய்விட்டார். வயது 49. (மீனா, இந்தப் பத்தியில் மழை, காய்ச்சல், சளி என்று வரும் இடத்தில் இருமிவிட்டு அடுத்த பத்திக்குப் போ. அம்மா இன்றே போன் போட்டுவிடுவாள்.)

அந்த மனைவி மேரியும் லேசுப்பட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குக் கணக்கை எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று புத்தகமே எழுதியவர். அவருடைய பெரியப்பா முறைக்காரர்தான் ஜார்ஜ் எவரெஸ்ட். ஆமாம், அந்த எவரெஸ்ட். 1802இல் சென்னையில் லாம்டன் தொடங்கிய பெரிய நில அளவையை அவருக்குப் பிறகு எடுத்து நடத்தி, மலைக்குப் பெயராகப் போனவர். பெரியப்பாமார் கணக்கில் பெரிய ஆளாக இருந்தால் அடுத்த தலைமுறைக்கு நிம்மதி இல்லை என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.

ஆற்றங்கரையில் நகர மன்றம். இப்போது இருப்பது 1936இல் திறந்தது. பழையதை 1920 டிசம்பரில் பிரிட்டிஷ் படையினர் கொளுத்திவிட்டார்கள். ஒரே இரவில் நகர மன்றம், நூலகம், பாட்ரிக் தெருக் கடைகள் எல்லாம் போயின. அந்த வருஷம் மார்ச்சில் மேயர் மக் கர்ட்டனை வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அவருக்குப் பின் வந்த மேயர் டெரன்ஸ் மக்ஸ்வினியைச் சிறையில் போட்டார்கள். லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாவிரதம் இருந்து அக்டோபரில் உயிரை விட்டார். லாகூர் சிறையில் 1929இல் ஜதீன் தாஸ் 63 நாள் கிடந்து செத்தபோது நம் நாட்டுப் பத்திரிகைகள் இவர் பெயரைத்தான் ஒப்பிட்டு எழுதின. நீங்கள் சுதந்திர தினத்தன்று வகுப்பில் ஜதீன் தாஸ் கதை சொல்வீர்கள். இந்தப் பெயரையும் சொல்லியிருப்பீர்கள். நான்தான் காதில் வாங்கவில்லை. பாட்டியின் அம்மாவுக்கு அந்த நெருப்பு எரிந்தபோது ஏழு வயது. மேட்டு வீட்டின் சன்னல் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்ததாகச் சொல்வாராம். பாட்டி அந்தக் கதையை மட்டும் ‘பாய்’ போடாமல் சொன்னார்.

(மீனா, அம்மா பக்கத்தில் இருந்தால் அடுத்த பத்தி வேண்டாம்.) அன்று சாயங்காலம் ஒரு பப்புக்குப் போனேன். ‘ஷின் ஏ’ என்று பெயர், அதாவது ‘அவ்வளவுதான்’. பக்கத்தில் சாவு வீட்டுக் காரியம் நடத்தும் நிலையம் இருப்பதால் வைத்த பெயராம். மூலையில் நாலு பேர் உட்கார்ந்து வயலின், புல்லாங்குழல், ஆட்டுத் தோல் போர்த்திய வட்டப் பறை என்று வாசிக்கிறார்கள். மேடை இல்லை, மைக் இல்லை, யாரும் தலைவர் இல்லை. தெரிந்தவர் வந்தால் பையைத் திறந்து சேர்ந்துகொள்கிறார். நான் குடித்தது ‘டனோரா’ என்கிற ஆரஞ்சுக் கலர். இந்த ஊருக்கே உரிய கலர், நம் பக்கத்துப் பன்னீர் சோடா மாதிரி. கடை சிப்பந்தி என்னை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

கடைசி நாள் ரயில் ஏறி கோவ் போனேன். இருபத்தைந்து நிமிஷம். எழுதும்போது கடைசியில் பி, எச் என்று போடுவார்கள். ஐரிஷில் அது இரண்டும் சேர்ந்தால் ‘வ்’. நம் ழகரத்தை ஆங்கிலத்தில் ‘இசட், எச்’ போட்டு எழுதும் கதைதான். விக்டோரியா ராணி வந்து போன 1849இலிருந்து எழுபது வருஷம் போல ‘குவீன்ஸ்டவுன்’ என்று பெயர் இருந்தது. டைட்டானிக் கப்பல் கடைசியாக நின்ற துறைமுகம். 1912 ஏப்ரல் 11. கரைக்கு வர முடியாமல் தள்ளி நின்றது. இங்கிருந்து 123 பேர் சின்னப் படகில் போய் ஏறினார்கள். ஏழு பேர் இறங்கிக்கொண்டார்கள். அந்த ஏழு பேரையும் நம் பக்கமாக இருந்தால் குலதெய்வம் காப்பாற்றியது என்று கொடை கொடுத்திருப்போம்.

ஆனால் ஊரின் கதை டைட்டானிக் இல்லை. பஞ்ச காலம் தொடங்கி 1950 வரை, இந்தச் சின்னத் துறை வழியாக மட்டும் இருபத்தைந்து லட்சம் பேர் நாட்டை விட்டுப் போயிருக்கிறார்கள். கரையில் ஒரு சிலை: ஆனி மூர் என்கிற பெண்ணும் அவள் இரண்டு தம்பிகளும். 1892 ஜனவரி 1ஆம் தேதி நியூயார்க்கில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தபோது முதல் ஆளாக உள்ளே போனவள் அவள். பத்து டாலர் தங்க நாணயம் ஒன்றைக் கையில் கொடுத்தார்களாம். எனக்கு விமான நிலையத்தில் இரண்டாவது தடவையும் விசா பேப்பரைக் கேட்டார்கள்.

அந்தக் காலத்தில் அமெரிக்கா புறப்படுகிறவருக்கு முதல்நாள் இரவு வீட்டில் ஒரு சடங்கு செய்வார்களாம். செத்தவரைச் சுற்றி ஊரார் விழித்திருப்பார்களே, அதே மாதிரி உயிரோடு இருக்கும் பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு விடிய விடியப் பாட்டும் ஆட்டமும் அழுகையும். திரும்பி வரமாட்டான் என்று தெரியும். பிறகு அங்கிருந்து கடிதம் வரும். உள்ளே பணம் இருக்கும். படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, தெருவே கூடிக் கேட்கும். அதைப் படித்ததும் திருநெல்வேலி ஜங்ஷன் ஞாபகம் வந்துவிட்டது. நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிய என் ஒருவனுக்காக மூன்று வீட்டு ஆட்கள், பெரியம்மாவின் புளியோதரை, சித்தப்பாவின் புத்திமதி. நீங்கள் மட்டும் ஒன்றும் பேசாமல், வண்டி நகரும்போது உங்கள் மான் மார்க் குடையைச் சன்னல் கம்பிக்குள் விட்டீர்கள். “மழை ஊராம். வச்சுக்கோ.”

அந்தக் குடை விஷயமாகத்தான் இவ்வளவு சுற்றி வளைத்தேன், பெரியப்பா. இரண்டு வருஷமாக அம்மா வாராவாரம் “பெரியப்பா குடைய வச்சிருக்கியா?” என்று கேட்கிறாள். வச்சிருக்கேன் என்கிறேன். அது பூல் கணக்கில் 1 என்றும் சொல்லலாம், 0 என்றும் சொல்லலாம். வந்த ஐந்தாம் நாள் செயின்ட் பாட்ரிக் பாலத்தின் நடுவில், மழை மேலிருந்து வரவில்லை, பக்கவாட்டில் வந்தது. குடையை விரித்தேன். ஒரே காற்று; தாமரைப்பூ மாதிரி மேல்நோக்கி மலர்ந்தது. துணி தனியே பிய்ந்து ஆற்றில் போயிற்று. கம்பியும் வளைந்த பிடியும் என் கையில். எதிரே வந்த ஒரு கிழவர் தொப்பியைத் தொட்டு, “அருமையான நாள், பாய்!” என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த ஊரில் யாரும் குடை பிடிப்பதில்லை. ஏன் என்று அப்போது புரிந்தது.

தூக்கிப் போட மனம் வரவில்லை. பாட்டிதான் அதை வாங்கிப் பின்கட்டுத் தோட்டத்தில் தலைகீழாக ஊன்றினார். இரண்டு வருஷமாகப் பட்டாணிக் கொடி அதில்தான் ஏறுகிறது. இந்த வருஷம் எட்டுக் கம்பியிலும் பூ விட்டிருக்கிறது, போட்டோ வைத்திருக்கிறேன். (மீனா, இதை மட்டும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படி. ஆனால் பெரியப்பா காபி குடித்து முடித்த பிறகு.)

வேறு குடை அனுப்ப வேண்டாம். மிளகாய்ப்பொடி அனுப்புங்கள், பாட்டி இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்
(இங்கே மிஸ்டர் சுப்பையா)